ஈரக்குப்பையில் லாபம் எங்கே இருக்கிறது?

உணவகம் நடத்துபவர், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், கல்யாண மண்டபக்காரர் என்று யார் பேச வந்தாலும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஈரக்குப்பையை வைத்து மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?” பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் சம்பாதிக்க முடியாது. ஆனால் மிச்சம் பிடிக்கலாம், அதுவும் கணிசமாக. சம்பாத்தியத்தையும் மிச்சத்தையும் குழப்பிக்கொண்டு லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்கி, ஆறே மாதத்தில் அதன்மேல் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். தினம் 100 கிலோ ஈரக்குப்பை சேரும் ஓர் உணவகம். காய்கறித் தோல், மிஞ்சிய சாதம், இலையில் ஒதுக்கியது எல்லாம் சேர்த்து. இதை உயிர்வாயுக் கலனில் போட்டு ஒழுங்காக ஓட்டினால் நாளைக்கு 8 முதல் 10 கன மீட்டர் வாயு வரும். ஒரு கன மீட்டர் வாயு சுமார் 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆக நாளைக்கு 4 கிலோ, மாதத்துக்கு ஆறு வணிக சிலிண்டர். 19 கிலோ சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 10,800 ரூபாய் மிச்சம்.

கலனைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அரை நாள் கூலியாக மாதம் 6,000 கழித்துவிடுங்கள். மீதி 4,800. கலன் அமைக்க 8 லட்சம் விலைப்புள்ளி வந்திருக்கிறது என்று கொண்டால், போட்ட முதல் திரும்ப ஏறக்குறைய 14 ஆண்டு ஆகும். அதற்குள் கலனே ஓய்ந்துவிடும். விற்க வந்தவர் இந்தக் கணக்கை உங்களிடம் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்.

இப்போது ஒரே ஒரு வரியைச் சேருங்கள். அதே குப்பையை அள்ளிப் போகிறவருக்குக் கிலோவுக்கு 3 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் அது மாதம் 9,000. கலன் வந்தபின் அந்தச் செலவு இல்லை. மிச்சம் 13,800 ஆகிறது; போட்ட முதல் ஐந்து ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. வாயுவும் கலனும் ஆளும் அப்படியேதான் இருக்கிறார்கள். மாறியது குப்பையை வெளியே தள்ள ஆகும் விலை ஒன்றுதான். (இதிலுள்ள ரூபாய்க் கணக்கு எல்லாம் வாதத்துக்காக வைத்தவை. உங்கள் ஊர்க் கூலி, உங்கள் சிலிண்டர் விலை, உங்களுக்கு வந்த விலைப்புள்ளி ஆகியவற்றை இட்டுத் திரும்பப் போடுங்கள்.)

ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் சிறப்புகளை அல்ல, இன்று குப்பையைத் தொலைக்க என்ன கொடுக்கிறீர்கள் என்பதைத்தான். இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வருவது இலவசமாக நடக்கும் ஊரில் எந்தத் திட்டமும் கட்டுப்படியாகாது. அப்படிக் கொட்டுகிறவரோடு பக்கத்துத் தெருவில் போட்டிபோட்டுத் தொழில் நடத்தும் நேர்மையான உணவகக்காரர்தான் இதில் நஷ்டப்படுகிறவர். நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடத்தைப் பெருங்குப்பை உருவாக்குபவர் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே வரையறுத்துவிட்டன. மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே முடிக்கச் சொல்லிவிட்டன. விதி எழுதிப் பத்தாண்டு ஆகியும் பல ஊர்களில் கொட்டுவது மலிவாகவே இருந்தது. அதனால்தான் பலர் அசையவில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளைப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்த கழிவுநீர் புளித்து ஊரையே நாறடித்த காலம் உண்டு. மிஞ்சும் சக்கையான திப்பிக்கு எப்போதும் விலை இருந்தது, மாட்டுத்தீவனமாகப் போய்விடும். கழிவுநீருக்குத்தான் வாங்குவார் இல்லை. ஒரு பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெருக்கடி, மறுபக்கம் ஜவ்வரிசி வறுக்கவும் இயந்திரம் ஓட்டவும் ஆகும் எரிபொருள் செலவு. இரண்டும் சேர்ந்து நெருக்கிய பிறகுதான் பல ஆலைகள் கழிவுநீர்க் குட்டையை மூடி வாயு எடுக்கத் தொடங்கின. அந்த வாயுவை யாருக்கும் விற்கவில்லை, தாங்களே எரித்தார்கள். உங்கள் அடுப்பு இருக்கும் இடத்திலேயே வாயு பிறந்தால்தான் அதற்கு முழு விலை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். குழாயில் இன்னொருவருக்கு அனுப்பலாம், மின்சாரம் எடுத்து விற்கலாம் என்றெல்லாம் சிறிய கலனை வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

பொள்ளாச்சி இன்னொரு பாடம். தென்னை நார் எடுத்தபின் மிஞ்சும் தூள் ஒரு காலத்தில் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. இன்று அது கட்டிகளாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குப் போகிறது. வாங்குகிறவர் கேட்பது உப்புத்தன்மை குறைந்த, அளவொத்த சரக்கு. அதைத் தந்தவர்களுக்கு விலை கிடைத்தது. ஆனால் அந்த உப்பைக் கழுவிவிட்ட நீர் நிலத்தடி நீரில் இறங்கி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ல் இந்தத் தொழிலைக் கட்டுப்பாடு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்ற வேண்டி வந்தது. கழிவுக்கு விலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

கல்யாண மண்டபக்காரர்களுக்கு: உயிர்வாயுக் கலன் வாங்காதீர்கள். கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் தீனி வேண்டும். உங்களுக்கோ ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்தத்தில் ஆயிரம் இலை விழும். பட்டினி போட்ட கலனில் ஒரே நாளில் சாதத்தைக் கொட்டினால் உள்ளே அமிலம் ஏறிப் புளித்துவிடும், வாயு நின்றுவிடும். திரும்பச் சாணம் கரைத்து ஊற்றி உயிர்ப்பிக்கவே வாரக்கணக்கில் ஆகும். வாழையிலையும் கலனுக்கு ஆகாது, நார் மேலே மிதந்து அடையாகக் கட்டிக்கொள்ளும்.

உங்களுக்கு ஏற்றது மாடு வளர்ப்பவரோடும் உரம் செய்பவரோடும் எழுத்து மூலமான ஏற்பாடு. இலையும் காய்கறித் தோலும் மாட்டுக்குப் போகலாம். ஆனால் சாதத்தை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். சோறு அளவுக்கு மீறித் தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் கூடும், மாடே செத்துவிடும். கால்நடை மருத்துவர் எவரைக் கேட்டாலும் பண்டிகைக்கு மறுநாள் இப்படி வரும் மாடுகளைப் பற்றிச் சொல்வார். பன்றிப் பண்ணைக்கு அனுப்புகிறவர்கள், பண்ணைக்காரர் அதை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் போடுகிறாரா என்று நேரில் பாருங்கள். 2020ல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும் வழிகளில் வேகாத எச்சில் உணவும் ஒன்று.

அப்புறம் வாடகை ரசீது. குப்பைக்கென்று தனியாக ஒரு தொகை வாங்குங்கள். அதில் ஒரு பகுதியை, பந்தி முடிந்ததும் தண்ணீர் பாட்டில், மேசைத் தாள், இலை மூன்றும் தனித்தனியாக இருந்தால் சமையல் ஒப்பந்தக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பெண் வீட்டாரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் கொடுத்துப் பயனில்லை, அன்றைக்கு அவர்கள் இதைக் கவனிக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். பந்தியில் இலை எடுக்கும் ஆட்களை ஏவுவது சமையல் ஒப்பந்தக்காரர். காசும் அவரிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

அடுக்குமாடிச் சங்கத்தாருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் உரம் விற்கும் கனவை விட்டுவிடுங்கள். 120 வீடு, வீட்டுக்கு அரை கிலோ என்றால் நாளைக்கு 60 கிலோ ஈரக்குப்பை. மக்கி முடிந்தால் ஐந்தில் ஒரு பங்கு உரமாக மிஞ்சும். மாதம் 360 கிலோ. கிலோ 10 ரூபாய்க்கு விற்றாலும் 3,600தான். குப்பையைக் கிளறும் ஆளின் சம்பளத்துக்கே அது காணாது. அந்த உரத்தை உங்கள் தோட்டத்துக்கும் மாடித்தோட்டம் வைத்திருக்கும் வீடுகளுக்கும் கொடுத்துவிடுங்கள். உங்கள் வரவு, அள்ளும் கூலி குறைவதிலும், பெருங்குப்பைக்காரர் என்று வரக்கூடிய அபராதம் வராமல் போவதிலும் இருக்கிறது.

அந்த வரவைத் தின்றுவிடக்கூடியது கலப்படம். நூறு வீட்டுக் குப்பையில் ஐந்து வீட்டின் டயப்பரும் பிளாஸ்டிக் உறையும் கலந்தால் போதும், மொத்தத்தையும் ஆள் வைத்துப் பிரிக்க வேண்டும். ஆகவே ஊக்கத்தொகையோ கட்டணமோ எதுவானாலும் அது உரத்தின் எடையோடு இல்லாமல் வீட்டு வாசலில் குப்பை பிரிந்து வருகிறதா என்பதோடு கட்டப்பட வேண்டும். இந்தூரில் 2022ல் திறந்த, நாளைக்கு 550 டன் கொள்ளளவுள்ள உயிர்வாயு ஆலை மாநகராட்சிக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கோடி ரூபாய் கொடுக்கும் ஏற்பாட்டில் கட்டப்பட்டது. பல ஊர்களில் குப்பையைப் பதப்படுத்த மாநகராட்சிதான் காசு கொடுக்கும். இந்தூரில் தலைகீழாக நடக்க முடிந்ததற்கு முக்கியக் காரணம், ஈரக்குப்பை வீட்டிலேயே பிரிந்து சுத்தமாக வந்து சேர்வது.

எப்படிக் கட்டணம் வைப்பது? தென்கொரியாவை எடுத்துக்கொள்ளலாம். 1995ல் குப்பைப் பைக்கு விலை வைத்தார்கள். 2005ல் உணவுக் கழிவைப் புதைப்பதைத் தடை செய்தார்கள். 2013ல் உணவுக் கழிவுக்கு அளவைப் பொறுத்துக் கட்டணம் என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். பல குடியிருப்புகளில் அட்டையைக் காட்டினால்தான் தொட்டி திறக்கும், போட்டதை நிறுத்துக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில் உணவுக் கழிவில் மறுபயனுக்குப் போனது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். இன்று 95க்கு மேல். எடைக்குக் காசு என்றானதும் அங்குள்ளவர்கள் முதலில் செய்தது, கழிவிலிருந்து நீரை வடிப்பது. உணவுக் கழிவில் பெரும்பங்கு தண்ணீர்தான். உங்கள் குடியிருப்பிலும் சமையலறைத் தொட்டிக்குள் ஒரு வடிதட்டு வைக்கச் சொன்னாலே பாதி நாற்றம் போய்விடும், உரக்குழியில் புழுவும் குறையும். கொரியாவிலும் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. அவர்கள் உணவில் உப்பு அதிகம், உரத்தில் அது தங்கும். ஊறுகாயும் குழம்பும் கலந்த நம் வீட்டுக் கழிவிலும் இதே சிக்கல் உண்டு. மண்புழு உரம் போட நினைப்பவர்கள் மீந்த குழம்பைத் தனியாக ஒதுக்குங்கள்.

நம் சங்கங்களுக்கு நிறுவைத் தொட்டி எல்லாம் வேண்டியதில்லை. பராமரிப்புக் கட்டணத்தில் குப்பைக்கென்று, வீட்டுக்கு 200 ரூபாய் என்பதுபோல, ஒரு வரி சேருங்கள். மாதம் முழுக்கப் பிரித்துத் தந்த வீட்டுக்கு அதில் 150 கழியும். “அபராதம்” என்று எழுதாதீர்கள், எல்லோருக்கும் உள்ள கட்டணம், ஒழுங்காகத் தருபவர்க்குத் தள்ளுபடி என்று எழுதுங்கள். அபராதம் என்றால் செயற்குழுக் கூட்டத்தில் சண்டை நடக்கும், தள்ளுபடி என்றால் நடக்காது. அதுவும் தொகை உறைக்கிற அளவில் இருக்க வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2000ல் வெளியானது. தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்ததும் தாமதம் குறையவில்லை, கூடியது. காசு கொடுத்துவிட்டோமே, இனி என்ன கூச்சம் என்று ஆகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. பத்து ரூபாய், இருபது ரூபாய் வைக்கும் சங்கங்களுக்கு இதுதான் நேரும். வைத்தால் உறைக்கும்படி வையுங்கள்; இல்லாவிட்டால் காசைப் பற்றிப் பேசாமல் பக்கத்து வீட்டார் பார்வைக்கே விட்டுவிடுங்கள், அது நன்றாகவே வேலை செய்யும்.

எந்த வீடு பிரித்துத் தருகிறது என்று யார் சொல்வது? வாசலில் வாளியை வாங்கும் தூய்மைப் பணியாளர்தான். அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று பல சங்கங்கள் நினைத்தே பார்ப்பதில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போகும் பாட்டில், அட்டை, காகிதம் விற்ற காசை முழுவதும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஈரம் படாத அட்டைக்குத்தான் கடையில் விலை. அதன்பிறகு கலந்து தரும் வீட்டை நீங்கள் தேடிப் போக வேண்டியிருக்காது, அவர்களே வாளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கையுறையும் சோப்பும் சங்கச் செலவு. அதை ஊக்கத்தொகைக் கணக்கில் எழுதும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன், வெட்கக்கேடு.

இதே கண்ணோட்டத்தில்தான் நகராட்சி, ஊராட்சி ஒப்பந்தங்களையும் படிக்க வேண்டும். அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அவருக்குக் குப்பை குறைவதில் விருப்பம் இருக்குமா? நனைந்து கனக்கும் கலப்புக் குப்பைதான் அவருக்கு லாபம். கவுன்சிலராகவோ ஊராட்சித் தலைவராகவோ இருப்பவர்கள் இந்த ஒரு வரியை மாற்ற முடிந்தால், எத்தனை வீடு, எத்தனை சதவீதம் பிரிந்து வந்தது என்ற அடிப்படைக்குக் கொண்டுவந்தால், பத்து விழிப்புணர்வு ஊர்வலத்தைவிட மேல்.

அரசுச் சலுகைகள் பற்றி விற்பனையாளர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள். எது உங்களுக்கு, எது இல்லை என்று பிரித்துச் சொல்கிறேன். இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி என்று 2023ல் ஒன்றிய அரசு அறிவித்தது, கழிவிலிருந்து உயிர்வாயு எடுப்பதை ஊக்குவிக்கும் கோபர்தன் திட்டத்தின் கீழ் வரும் ஆலைகளுக்கு. ஆண்டுக்கு நான்கு டன் உரம் எடுக்கும் குடியிருப்புக்கு அது வராது, வந்தாலும் ஆறாயிரத்துச் சொச்சம். எண்ணெய் நிறுவனங்கள் அழுத்திய உயிர்வாயுவை வாங்கிக்கொள்ளும் 2018ஆம் ஆண்டுத் திட்டமும், நகர எரிவாயுவில் அதை 2025-26ல் ஒரு விழுக்காட்டில் தொடங்கி 2028-29ல் ஐந்து விழுக்காடுவரை கலக்க வேண்டும் என்ற கட்டாயமும் நாளைக்கு டன் கணக்கில் வாயு எடுப்பவர்களுக்கானவை. கார்பன் வரவு என்று யாராவது சொன்னால், சரிபார்ப்புச் செலவு யாருடையது என்று கேளுங்கள். பேச்சு அதோடு நிற்கும்.

உங்களுக்கு உள்ளவை சிறியவை, ஆனால் நிஜமானவை. உயிர்வாயுக் கலனுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பழைய விலைப்புள்ளியைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் இதைக் காட்டுங்கள். மாடு வைத்திருப்போருக்கான ஒன்று முதல் 25 கன மீட்டர்வரையிலான சிறு கலன்களுக்கு ஒன்றிய அரசின் உயிரி ஆற்றல் திட்டத்தில் 9,800 முதல் 70,400 ரூபாய்வரை மானியம் இருந்தது. அதன் முதல் கட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும் என்பதால், இப்போதைய நிலையை விசாரித்துக்கொண்டு முன்பணம் கொடுங்கள். பிறர் குப்பையை வாங்கிப் பதப்படுத்துவதையே தொழிலாகச் செய்ய நினைக்கும் இளைஞர்கள் பழைய வருமான வரிச் சட்டத்தில் 80ஜேஜேஏ என்று இருந்த பிரிவைப் பற்றி ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். மக்கும் கழிவிலிருந்து மின்சாரம், உயிர்வாயு, உரம், எரிகட்டி செய்யும் தொழிலின் லாபம் முழுவதற்கும் முதல் ஐந்து ஆண்டு விலக்கு. ஆனால் புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு இது கிடையாது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்களும் மாறிவிட்டன. லாபம் வந்த பிறகு ஓடாதீர்கள், தொடங்கும்போதே கேளுங்கள்.

கலன் வாங்குவதென்று முடிவாகிவிட்டால், ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, வாயு அளக்கும் மீட்டர். மொத்தத் தொகையில் முப்பது விழுக்காட்டை நிறுத்தி வைத்து, மீட்டர் காட்டும் அளவைப் பொறுத்து ஓராண்டில் தவணையாகக் கொடுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனம் தன் கலனைத் தானே நம்பவில்லை. இரண்டாவது, வெளியேறும் கழிவுக் கரைசல். 100 கிலோ குப்பையோடு 100 லிட்டர் தண்ணீர் கலந்து உள்ளே விட்டால் ஏறக்குறைய 200 லிட்டர் கரைசல் தினமும் வெளியே வரும். வயல் வைத்திருப்பவருக்கு அது நல்ல உரம். ஊர் நடுவில், தோட்டமே இல்லாத உணவகத்துக்கு அது இன்னொரு கழிவு. சாக்கடையில் விட்டால் நீங்கள் தீர்த்த பிரச்சினை வேறு பெயரில் தெருவுக்குப் போகிறது. அதை எங்கே, யார், என்ன விலைக்கு எடுத்துப் போவார் என்பது எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, எலும்பு ஆகியவை கலனுக்குள் போகக்கூடாது என்பதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுவது உங்கள் வேலை.

கடைசியாக, ஒரு மனு. நம் பல மாநகராட்சிகள் சொத்துவரியோடு குப்பைக் கட்டணமும் வாங்குகின்றன. வளாகத்துக்குள்ளேயே ஈரக்குப்பையை முடித்துக்கொள்ளும் வீட்டுக்கும், அப்படியே சாலையில் தள்ளும் வீட்டுக்கும் ஒரே கட்டணம் என்றால் முன்னவர் எதற்காக மெனக்கெட வேண்டும்? புனேயில் மண்புழு உரம், மழைநீர் சேகரிப்பு, சூரிய ஆற்றல் ஆகியவற்றைக் கையாளும் வீடுகளுக்குச் சொத்துவரியில் 5 முதல் 10 விழுக்காடு தள்ளுபடி தருகிறார்கள். உங்கள் சங்கத்தின் சார்பில் ஒரு மாத எடைக்கணக்கை இணைத்து, இதேபோன்ற தள்ளுபடியைக் கேட்டு ஆணையருக்கு எழுதுங்கள்; நகலை வார்டு உறுப்பினருக்கும் கொடுங்கள். எடைக்கணக்கு இல்லாத மனுவை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், எனவே தராசை இன்றே வாங்கிவிடுங்கள்.